லோஜினியின் முப்பத்தொரு தேதிகள்

மார்ச் 3, 2024, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு லோஜினியின் படம் வந்துவிட்டது. அலையாத்தி ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, வயிற்றடி சிவப்பு. கீழே ‘கோலசிலாங்கூர், நேற்று’ என்று எழுதியிருந்தாள். நான் இன்னும் நேரில் பார்க்காத பறவை. பட்டியலில் ஏற்றிவிட்டுத் துணி காயப்போட்டேன்.

பறவை பார்ப்பவர்களுக்கான எங்கள் வாட்சப் குழுவில் இப்போது நூற்று நாற்பது பேர். பண்டமாரானில் நான், செலாயாங்கில் வாசு அண்ணன், இரண்டு பேரும் நிர்வாகிகள். விதி ஒன்றுதான்: படம் நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும், இடமும் தேதியும் உண்மையாக இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் பட்டியல் ஆய்வாளர்களுக்குப் போகிறது. பொய்த் தேதி போட்டால் நீக்கம். இரண்டு பேரை நீக்கியிருக்கிறோம்.

லோஜினியோடு ஆறு வருடப் பழக்கம், தினமும் தனியாகவும் எழுதிக்கொள்வோம். சந்தித்ததில்லை. அவள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம் இருக்குமா? வரேன் வரேன் என்று இரண்டு பேருமே சொல்வோம். அவளுக்கு எழுதும்போது நீங்கள். இங்கே மட்டும் அவள்.

மார்ச் 11, திங்கள்

வேலை நேரத்தில் வாசு அண்ணன் அழைத்தார். அவர் வேலை செய்யும் மொத்தச் சந்தையின் இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினார்.

“கௌசி, அந்த ஆறுமணிக்குருவி படத்துல கால் பக்கத்துல ஒரு காஞ்ச இலை இருக்கு, பாத்தியா? 2020ல அவங்க பேஸ்புக்ல போட்ட படத்துலயும் அதே இலை, அதே மாதிரி மடிஞ்சு கெடக்கு. அதே படம் லா.”

இரண்டு படங்களையும் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே இலை.

மாலைக்குள் இன்னும் நான்கு படங்களைக் கண்டுபிடித்துவிட்டார். மனிதர் விட மாட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

லோஜினியிடம் கேட்டேன். அந்தப் படம் எப்போது எடுத்தது?

“தேதி போட்டிருக்கிறேனே.”

2020 படத்தை அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. பாசார் ரமடான் நோன்புச் சந்தையில் பலகாரம் வாங்க வரிசையில் நின்றபடி பதினைந்து தடவையாவது போனைப் பார்த்திருப்பேன்.

மார்ச் 14, வியாழன்

“ஒருத்தருக்கு விட்டுட்டா மத்தவங்கள எப்படி கேக்கறது?” என்கிறார் வாசு அண்ணன். அவர் சொல்வதில் தவறு இல்லை. இருந்தாலும் ‘நீயே பேசிட்டு நீயே முடிவு பண்ணு’ என்று விட்டுவிட்டார்.

மறுபடி எழுதினேன். ஏதாவது காரணம் இருந்தால் சொல்லுங்கள் லோஜினி, குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “காரணம் ஒன்றும் இல்லை. விதிப்படி செய்யுங்கள். நான் கோபிக்க மாட்டேன்.”

கோபிக்க மாட்டாளாம். எனக்குத்தான் கோபம் வந்தது. ஆறு வருஷம் பேசியிருக்கோம், ஒரு வார்த்தை சொன்னா என்ன? கூட்டத்தில் ஒருத்தியா நான்?

நீக்கினேன். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

மார்ச் 15, வெள்ளி

ஏழு மணிக்குப் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

ஏப்ரல் 20, சனி

லோஜினியிடமிருந்து எதுவும் இல்லை. நானும் எழுதவில்லை. குழுவில் இருவாச்சிகள் பற்றி ஒரே பேச்சு. மேருவில் யார் வீட்டுக் கூரையிலோ மூன்று வந்து உட்கார்ந்தனவாம்.

மே 26, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லோஜினி எண்ணிலிருந்து செய்தி. கையைக்கூடக் கழுவாமல் திறந்தேன்.

“வணக்கம். நான் லோஜினியின் அண்ணன் சிவேந்திரன். லோஜினி மே 4ஆம் தேதி காலமானா. உங்களோடுதான் நிறைய எழுதியிருக்கிறா. அதனால் சொல்ல வேணும் எண்டு எழுதுகிறேன்.”

மே 4. இருபத்திரண்டு நாட்கள். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சோற்றை மூடி வைத்தேன்.

ஜூன் 1, சனி

பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தேன். பழைய அடுக்குமாடி, மின்தூக்கி இல்லை, மூன்றாவது மாடி. சிவேந்திரன் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தண்ணீர் இலாகாவில் வேலை பார்க்கிறார். கல்யாணம் ஆகாதவர். அண்ணனும் தங்கையும் மட்டும்தான் அந்த வீட்டில். சுவரில் படம். லோஜினியின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குண்டு, மூக்குக் கண்ணாடி.

தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார். போன வருடம் ஜூலையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆகஸ்ட் தொடங்கி ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் படியிறங்கவே இல்லை.

ஆகஸ்ட். அப்படியானால் கோலசிலாங்கூர், பூலாவ் இண்டா, பிரேசர் மலை என்று அவள் போட்ட படங்கள் எல்லாம்?

“எல்லாம் பழைய படங்கள்தான். கட்டில்ல இருந்தபடி ஒவ்வொண்டாத் தேடி எடுப்பா. காலமை ஏழு மணிக்குப் போடுறதுக்காக ஆறரைக்கே எழும்புவா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே.”

“சொன்னா நீங்களும் எப்பிடி இருக்கு எண்டுதான் கேப்பியள். சொந்தக்காரர் எல்லாரும் அதைத்தானே கேட்டவை. உங்கட குழுவில மட்டும் பறவையப் பற்றிக் கேட்டினம். அது அவவுக்கு வேண்டியிருந்தது.”

தேநீரில் ஒரு வாய் குடித்தேன்.

“நீங்கள் அவவைக் குழுவில இருந்து எடுத்ததும் எனக்குத் தெரியும்,” என்றார். “கௌசல்யா சரியாத்தான் செய்தவ எண்டு சொன்னா. பிறகு ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்ல.”

குறை சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிறார். மன்னிச்சிடுங்கன்னு இவர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?

கிளம்பும்போது நான்கு நோட்டுப் புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். “எனக்கு இதில ஒண்டும் விளங்காது. நீங்கள் வைச்சிருங்கோ.”

ஜூன் 2, ஞாயிறு

நாள் முழுக்க நோட்டுகள். பொடி எழுத்து. பார்த்த ஒவ்வொரு பறவைக்கும் தேதி, நேரம், இடம். எதிலும் அடித்தல் இல்லை. சில வரிகளுக்கு ஓரத்தில் மட்டும் பென்சிலால் இன்னொரு தேதி. ஆறுமணிக்குருவிக்கு நேரே: ‘9.2.2020. குழுவில் போட்டது 3.3.24. திருத்த வேண்டும்.’

எண்ணினேன். இப்படி முப்பத்தொரு வரிகள். முப்பத்தொன்றிலும் ‘திருத்த வேண்டும்’.

எப்போது திருத்துவதாக இருந்தாளோ. குணமான பிறகு என்று நினைத்திருப்பாளா?

கடைசி நோட்டில் ஆகஸ்டுக்குப் பிறகு வீட்டுச் சன்னலில் பார்த்தவை மட்டும். மைனா. மணிப்புறா. மைனா. காக்கை இரண்டு. இவற்றில் ஒன்றைக்கூட அவள் குழுவில் போடவில்லை. போட்டிருந்தால் அது உண்மையான தேதி.

இன்னொரு பக்கம். 13.11.2022, பூலாவ் இண்டா. ‘உள்ளான்கள் நாற்பதுக்கு மேல். தூரத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண். இன்று இங்கே வருவதாக எழுதியிருந்தாள், கௌசல்யாவாகத்தான் இருக்க வேண்டும். கூப்பிட்டால் பறவைகள் பறந்துவிடும். அவள் பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது போய்விட்டாள்.’

அன்றைக்கு மழை வருகிறது என்று சீக்கிரம் கிளம்பினேன். அது நினைவிருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

சிவேந்திரன் அண்ணனிடம் போனில் கேட்டேன், குழுவில் எவ்வளவு சொல்லலாம் என்று.

“செத்ததச் சொல்லுங்கோ. வருத்தத்தச் சொல்ல வேண்டாம்,” என்றார். நோயை அவர்களுடைய இலங்கைத் தமிழில் வருத்தம் என்பார்கள்.

ஜூன் 8, சனி

முப்பத்தொரு தேதிகளையும் பட்டியலில் மாற்றினேன். மூன்று மணி நேரம் பிடித்தது. அழிப்பதா திருத்துவதா என்ற யோசனை எனக்கு இல்லை. பறவைகளை அவள் பார்த்தது உண்மை.

மாற்றங்களைப் பார்த்துவிட்டு வாசு அண்ணன் அழைத்தார். அவர் இரண்டாவது நிர்வாகி, மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கத்தில் ஏதோ லோரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

“நான் ஏன் அந்த இலையப் பாத்தேன்னு இருக்கு,” என்றார்.

“நீங்க பாத்தீங்க. எடுத்தது நான்தானேண்ணே.”

“சரி சரி. நம்ம ரெண்டு பேருந்தான்.”

ஜூன் 9, ஞாயிறு

குழுவில் அறிவித்தேன். கும்பிடும் கைகள் நூறுக்கு மேல் வந்தன. கார்த்திகேசு என்பவர் மட்டும் கேட்டார்: சகோதரியை ஏன் நீக்கினீர்கள்?

‘சில தேதிகள் தவறாக இருந்தன. அவருடைய குறிப்புகளைப் பார்த்துத் திருத்திவிட்டோம். நீக்கியது நான். காரணத்தை நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை’ என்று எழுதினேன்.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு இருவாச்சிப் பேச்சு மறுபடி தொடங்கியது. தொடங்கட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

சிவேந்திரன் அண்ணன் ஒரு படம் அனுப்பி இது என்ன என்று கேட்டார். மாங்குயில் என்றேன். “மஞ்சளா வடிவா இருக்கு,” என்று எழுதினார். குழுவில் சேர்க்கட்டுமா என்றேன். யோசித்துச் சொல்கிறாராம்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூலாவ் இண்டாவில் கணக்கெடுப்பு. குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவரையொருவர் பார்க்காதவர்கள், ஐந்து பேர் வந்தோம். வாசு அண்ணன் என்னைவிடக் குள்ளம். குரலை வைத்துப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். அவர்தான் கிள்ளான் ஸ்டேஷனுக்கே போய்ச் சிவேந்திரன் அண்ணனை ஏற்றி வந்தார். வரும் வழியில் அவரிடம் எல்லாம் பேசிவிட்டதாகத் தெரிகிறது. இரண்டு பேர் கண்களும் சிவந்திருந்தன.

தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. உள்ளான்கள் அறுபது வரை எண்ணிவிட்டோம். சிவேந்திரன் அண்ணனிடம் லோஜினியின் தொலைநோக்கி இருந்தது. திருகத் தெரியாமல் வெறும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையைத் தொட்டார்.

“அந்தா, மற்றதெல்லாம் நடக்குது. அது மட்டும் ஓடி ஓடி நிக்குது. வேற சாதியோ?”

வாசு அண்ணன் பார்த்தார். நானும் பார்த்தேன். உப்புக்கொத்தி. அதுவரை எங்கள் இருவர் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

பட்டியலில் பறவையின் பெயர், இடம், தேதி எழுதினேன். பார்த்தவர் என்ற கட்டம் வந்தது. என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன். தங்கையின் பெயரைச் சொல்வாரோ என்று எனக்கு ஒரு யோசனை. சொன்னால் என்ன செய்வது என்றும்.

“என்ர பேரைத்தான் போடுங்கோ,” என்றார். “நான்தானே பாத்தனான்.”