அடுத்த ஊரின் பெயர்

நியூபோர்ட், ஆரிகன்
14 செப்டம்பர் 1999

கர்த்தர் கைவிடாமல் காக்கிற எங்கள் மகள் ஜெபினாவுக்கு, மாமி எழுதுவது.

நானும் மாமாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, லிவர்மோர் வெயிலைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தாய். வெயிலைப் பற்றி ரேடியோவே சொல்லும், மகளே.

இங்கே கடலை ஒட்டிய கேம்ப் கிரவுண்ட். வந்த நாளிலிருந்து தூறல். மாமாவுக்கு அது ஒரு பொருட்டில்லை. விடிந்ததும் சைக்கிளை இறக்கி, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். எனக்கு முழங்கால் மறுபடி வீங்கிவிட்டதால் என் சைக்கிள் டிரெய்லர் வீட்டுக்குப் பின்னால் கட்டியபடியே கிடக்கிறது. ரவையைக் கிண்டி வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கூழைக்கடாக்களைப் பார்க்கிறேன். வரிசையாகத் தண்ணீரை உரசுகிற மாதிரி போகின்றன. மாமா திரும்பி வந்ததும் எத்தனை போயிற்று என்று கேட்பார். எண்ணவில்லை என்றால் முகம் சுண்டிவிடும். இத்தனை வருஷம் ஐசியூவில் நின்று நாடித்துடிப்பு எண்ணியது போதும் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளைக்காரர்கள் ரிட்டையர் ஆகி, வீட்டை விற்று, டிரெய்லர் வாங்கினால் ஊர் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள். நாங்கள் டெக்சஸில் சுகர் லேண்ட் வீட்டை விற்றதும், மகன் செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு ஓடிவிட்டார்கள் என்று சபையில் பேசினார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

அடுத்து எந்த ஊரில் நிற்போம் என்று உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். ஜெனரல் டெலிவரி என்று போட்டு வருகிற கடிதங்களை அந்த ஊர்ப் போஸ்ட் ஆபீஸில் ஒரு மாதம் வரை வைத்திருக்கிறார்கள். மாமா லைசென்ஸைக் காட்டி வாங்கி வருவார். எங்கள் பெயருக்கு உன் கடிதம் ஒன்றுதான் இருக்கும். நீயும் கிரிஸும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவன் விட்டது உன்னை. நாங்கள் விடவில்லை.

அடுத்த ஊர் உன் பக்கம்தான், போடேகா பே. இரண்டரை மணி நேர டிரைவாம். இப்போதுதான் லைசென்ஸ் வாங்கிவிட்டாயே, வா. டேபிளை மடக்கினால் ஒரு படுக்கை வரும், அது உனக்கு.

உன் மாமி,
ஜோசபின்


லிவர்மோர்
27 செப்டம்பர் 1999

அன்புள்ள மாமிக்கும் மாமாவுக்கும் ஜெபினாவின் ஸ்தோத்திரம்.

மாமியின் முழங்காலுக்கு ஐஸ் வைக்கிறீர்களா? வைக்கமாட்டீர்கள், நர்ஸ்கள் வைக்கமாட்டார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கு வேலை இருக்கிறது. வருஷம் இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் நின்றுபோகுமா என்று பார்க்கிற வேலை. தேதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறோம். பக்கத்து சீட் வள்ளி வெள்ளிக்கிழமைகளில் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகும்போது என்னையும் காரில் ஏற்றிக்கொள்கிறாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வரும்போது எனக்கும் ஒரு தட்டில் புளியோதரை கொண்டுவருவாள்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். போன செவ்வாய்க்கிழமை கிரிஸ் போன் பண்ணினார். டல்லாஸ் பக்கம் காப்பெல்லில் அவரும் ரெபெக்காவும் வீடு வாங்கியிருக்கிறார்களாம். ரெபெக்காவுக்கு ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. டிசம்பருக்குள் டல்லாஸ் தமிழ்ச் சபையில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், தன் தகப்பனார் இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். சபைக்காரர்களும் கேட்கிறார்களாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, உனக்குத் தெரியுமா என்றார்.

தெரியாது என்று நான் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தேங்க்ஸ் என்றார். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்த பாத்திரங்கள்தான் அவை என்பது பாதியில்தான் தெரிந்தது.

சாயர்புரத்தில் அப்பா அம்மாவுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்கள், ஷிஃப்டில் இருக்கிறார் என்பேன். படிக்காதவர்கள், ஷிஃப்ட் என்றால் நம்பிவிடுகிறார்கள்.

கிரிஸுக்கு என்ன சொல்லட்டும்?

ஜெபினா


போடேகா பே, கலிபோர்னியா
6 அக்டோபர் 1999

மகள் ஜெபினாவுக்கு மாமி.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழந்தை விஷயம் வந்ததும் எழுந்துபோய் டிரெய்லர் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். உள்ளே வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவனுக்கு நாம நிக்கிற ஊரு தெரிய வேண்டாம். பிள்ள சொல்லிட்டான்னா, பெறகு அவளுக்கும் சொல்லாத.”

பிள்ள என்றால் அவருக்கு நீதான். கோபத்தில் சொல்லவில்லை. காபியில் சர்க்கரை போதும் என்கிற மாதிரிச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ எங்களுக்கு இல்லாமல் போனால் எனக்குப் பேச யார் இருக்கிறார்கள்? இவரிடம் பேசினால் உள்ளான் அது இது என்று ஏதாவது பறவையின் பெயரைச் சொல்கிறார்.

அதனால் சொல்லாதே. சனிக்கிழமை புறப்பட்டு வா. பால் டப்பா வாங்கி வா, இங்கே விலை அநியாயம். நாங்கள் இருபதாம் தேதி கிளம்புகிறோம். முதலில் நியூ மெக்ஸிகோவில் சொகோரோ, அங்கே கொக்குக் கூட்டம் வரும் மாதம். பிறகு டிசம்பர் முழுக்க டெக்சஸில் மிஷன் என்ற ஊர், போன வருஷம் நின்ற அதே டிரெய்லர் பார்க்.

மாமி


லிவர்மோர்
25 அக்டோபர் 1999

அன்புள்ள மாமிக்கு,

இந்தக் கடிதத்தை சொகோரோவில் நீங்கள் வாங்குவீர்கள். முதலில் தனியாகப் படியுங்கள். மாமாவுக்குக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

உங்களோடு இருந்த இரண்டு நாளும் நன்றாக இருந்தன. நீங்கள் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது நானும் மாமாவும் சைக்கிளில் போனோமே, அப்போது நடந்ததை உங்களிடம் நான் சொல்லவில்லை. நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் சைக்கிள் எனக்கு உயரம். மாமா சீட்டை இறக்கிக் கொடுத்தார். மணல் திட்டு முடிகிற இடத்தில் டெலஸ்கோப் வைத்துக்கொண்டு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, திரும்பி வரும்போது முன்னால் ஓடுகிற சின்ன உள்ளான்களைப் பார்த்தோம். ஒரு வயதான அம்மா மாமாவிடம் உங்கள் மகளா என்று கேட்டாள். யெஸ் என்றார். வேறு பிள்ளைகள் உண்டா என்றாள்.

“நோ. ஒன்லி ஹெர்.”

நான் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அந்த வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று இரண்டு வருஷமாக இருந்தவள் நான். எதுவும் வரவில்லை.

திரும்பி வரும்போது கார் பார்க்கிங்கில் ஒரு தகப்பன் தன் சின்ன மகளின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு, அவர்களிடம் எதுவும் கேட்காமல் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பிள்ளையின் சீட்டை உயர்த்தி, முடுக்கி, கையால் தட்டிப் பார்த்தார். அந்த ஆள் நன்றி சொன்னான். மாமா திரும்பி வந்து சைக்கிளில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“போதும், கிரிஸ். வா, போலாம். அம்மா தேடுவா.”

சொன்னது அவருக்குத் தெரியவில்லை. நான் பின்னாலேயே வந்தேன். காற்று எதிர்க்காற்று. டிரெய்லருக்கு வந்து சாப்பிட்டோம். மீன் நன்றாக இருந்தது என்று உங்களிடம் சொன்னேன், எந்த மீன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

மாமி, நேற்று நானே கிரிஸுக்குப் போன் பண்ணினேன். மிஷன் என்ற ஊரையும் பார்க்கின் பெயரையும் சொன்னேன். டிசம்பர் முதல் வாரம் போகச் சொன்னேன். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் மிஷனுக்குப் போகாமல் வேறு ஊருக்குப் போய்விடலாம். அதற்குத்தான் முன்கூட்டி எழுதுகிறேன். வேறு ஊருக்குப் போனால் எனக்கு எழுத வேண்டாம், எனக்குத் தெரிந்தால் மறுபடி சொல்லிவிடுவேன்.

நான் சொல்லிவிட்டால் எனக்கும் எழுத வேண்டாம் என்று மாமா சொன்னது நினைவிருக்கிறது. தெரிந்துதான் செய்தேன்.

ஜெபினா


மிஷன், டெக்சஸ்
12 டிசம்பர் 1999

ஜெபினாவுக்கு மாமி எழுதுவது.

உன் கடிதத்தை சொகோரோ போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்றே படித்தேன். மாமா காரில் இருந்தார். பிள்ள என்ன எழுதியிருக்கா என்றார். வேலை ஜாஸ்தியாம் என்றேன். அவரிடம் நான் கடிதத்தை மறைத்தது இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அது ஒன்றுதான். மிஷன் வேண்டாம், வேறு ஊருக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியைத் திருப்பியிருப்பார். நான் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். பத்து மணி நேர டிரைவ். மாமா கீழே உட்கார்ந்து கழிவுத் தண்ணீர் ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார். கார் வந்து நின்றதும் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். நான் படியில் நின்றேன், என் முழங்கால் இறங்க விடவில்லை. ரெபெக்கா குழந்தையை வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தாள். கிரிஸ் நடந்து வந்து ஹோஸின் மறு நுனியைப் பிடித்தான். அந்த வேலையை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். கையைக் கழுவும்போது மாமா கேட்டார்.

“எத்தன மணிக்குக் கெளம்புன?”

“த்ரீ ஏ.எம்., டாட்.”

“கைப்பிள்ளய வச்சிக்கிட்டா? ஒனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?”

அவ்வளவுதான். பிறகு போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு நாள் இருந்தார்கள். ஞானஸ்நானத்தை ஜனவரி இரண்டாம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள். குழந்தைக்கு சைலஸ் என்று மாமா பெயரையே வைக்கிறார்கள். அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. சாப்பிட்ட தட்டை அவளே கழுவினாள். அவளை வெறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சொன்னது யார் என்று மாமா கேட்கவே இல்லை. அவர்கள் போன பிறகு பச்சை ஜே என்கிற பறவை ஒன்று வெளியே டேபிளில் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “பிள்ளைக்கு எழுது” என்றார். என்ன எழுத என்று கேட்டேன். ஜே பறந்த பக்கம் எழுந்துபோய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டும். அவர்கள் இருபத்தாறாம் தேதி காலையில் மறுபடி வருகிறார்கள், டல்லாஸுக்கு எங்களைக் கூட்டிப்போக. நீ இருபத்துநான்காம் தேதி வந்துவிட்டால், திரும்பிப் போக இருபத்தைந்து சாயங்காலம் ஒரு பிளைட் இருக்கிறதாம். டிக்கெட் நாங்கள் எடுக்கிறோம். ஒரு முழு நாள் இருக்கலாம். யோசித்து எழுது.

மாமி


லிவர்மோர்
9 ஜனவரி 2000

அன்புள்ள மாமிக்கும் மாமாவுக்கும்,

கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. உங்களுக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். டிசம்பர் முழுக்க லீவு கிடையாது என்றார்கள், அது உண்மை. லீவு கிடைத்திருந்தாலும் அந்தச் சாயங்கால பிளைட்டில் ஏறியிருக்கமாட்டேன் என்பதும் உண்மை. மாமியின் மேல் வருத்தம் இல்லை. நீங்கள் வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். வேறு வழி தெரியவில்லை.

வருஷப் பிறப்பு அன்று எங்கள் எல்லோரையும் ஆபீஸில் இருக்கச் சொன்னார்கள். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் கை தட்டினார். பீட்ஸா வந்தது. இனி அந்த வேலை இல்லை. மார்ச்சில் நியூஜெர்சிக்கு மாற்றுகிறார்கள்.

ஜனவரி இரண்டாம் தேதி இங்கே சர்ச்சுக்குப் போனேன். குழந்தைக்காக ஜெபம் பண்ண வேண்டும் என்று நினைத்துப் போனேன். பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினேன். மாமாவுக்குப் பண்ணுகிற மாதிரியே இருந்தது.

அன்று மத்தியானம் சாயர்புரத்துக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா நான் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டார். போன் கார்டில் நிமிஷம் போகிறதே என்று அம்மாதான் போனை வாங்கினாள்.

“மாமியார் மாமனார் ஒன்னைய எப்படி வச்சிருக்காவ?” என்று கேட்டாள்.

“பிள்ளயாத்தான் வச்சிருந்தாவ” என்றேன். அம்மா அழுதாள். எனக்கு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் எழுதமாட்டேன்.

மாமி, அடுத்த ஊரின் பெயரை இனி கிரிஸுக்கு எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம். மாமா மனம் மாறி எனக்கும் எழுதச் சொல்லலாம், அப்போதும் வேண்டாம். நான் நடுவில் இருந்தால் நீங்கள் ஒவ்வொரு பண்டிகைக்கும் நாள் பிரிக்க வேண்டும், பிளைட் பார்க்க வேண்டும். எனக்கும் அடுத்த ஊர் எது என்று காத்திருப்பதைத் தவிர இங்கே வேறு வேலை இருக்கவில்லை. அதை உங்களிடம் சொன்னதில்லை.

நியூஜெர்சி விலாசம் இன்னும் தெரியாது. தெரிந்த பிறகும் அனுப்பமாட்டேன். இதற்குப் பதில் எழுதாதீர்கள்.

டெக்சஸின் வடக்கே இந்த வாரம் ரோட்டில் ஐஸ் பிடிக்கும் என்று டிவியில் சொன்னார்கள். டிரெய்லரை இழுத்துக்கொண்டு டல்லாஸ் பக்கம் போவதாக இருந்தால் மாமாவை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

ஜெபினா