சைக்கிள் கடை மணிப்பெட்டி

ஹாலிஃபேக்ஸ்,
நவம்பர், ஞாயிறு காலை.

அன்புள்ள நெவில் அவர்களுக்கு,

ஏவிஸ் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் மகள் ஜில்லியனும் அவள் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர நமக்குள் எழுத்து நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதனால் உறையின் கனத்தைப் பார்த்து பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், என் வீட்டுக்காரர் கிளிஃப் உயிரோடுதான் இருக்கிறார். அடுத்த அறையில் ரேடியோவில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ஜில்லியன் அட்டையில் எழுதியிருந்தாள். சந்தோஷம். நியூசிலாந்தில் இப்போது வசந்தகாலமாமே. இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. தோட்டத்துச் சுவர் பாதி சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு திருமதி பார்ஜெட்டர் அதற்கும் நீங்களும் கிளிஃபும் சேர்த்த, திருடன் வந்தால் அலறும் அந்த அலார மணிப்பெட்டிகள்தான் காரணம் என்கிறார். "இத்தனை வருஷமா அந்தச் சுவரு உங்க மணிச் சத்தத்துல ஆடிக்கிட்டே இருந்துச்சு, பாவம், எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்" என்று சிரிக்காமல் சொல்கிறார்.

கிளிஃபுக்கு ஞாபகம் தவறிவருகிறது, நெவில். மருத்துவர் இரண்டு வருஷம் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். நான்தான் யாருக்கும் எழுதவில்லை. காலையில் சாப்பிட்டவுடன் நன்றாக இருப்பார், என்னைக் கேலி செய்வார். மத்தியானத்துக்கு மேல் கலங்கிப்போவார். சனிக்கிழமை என்று தெரிந்துவிட்டால் போதும், கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிடுவார். "நெவில் எங்க? ஏணியை வேன் மேல கட்டிட்டு வரேன்னானே. ஹடர்ஸ்ஃபீல்டுல ஒரு பேக்கரியை மூடுறாங்களாம், நாம போகலன்னா பெட்டியைக் குப்பையில போட்டுடுவாங்க" என்பார். மழை பெய்கிறது, நெவில் அடுத்த வாரம் வருவார் என்று சொல்லி உள்ளே அழைத்துவருவேன்.

அந்தச் சனிக்கிழமைகளை நானும் நினைத்துக்கொள்வேன். நீங்கள் இருவரும் மூடிய கடைகளைத் தேடி ஊர் ஊராக அலைவதும், துருப்பிடித்த தகரப் பெட்டியோடு ஏதோ புதையல் எடுத்தவர்கள் மாதிரி திரும்பி வருவதும். எங்கள் வீட்டு முகப்பில் ஏழெட்டு பெட்டிகளை மாட்டிவைத்திருந்தபோது ஒரு இளம் போலீஸ்காரர் வந்து, "இந்த வீட்ல அப்படி என்னதாங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாரே. நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "ஏவிஸ் சுடுற கேக்குதான்" என்றீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தப் பிறந்தநாள் அன்றைக்கு மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற நான் பார்த்தபடி ஒருமுறை எழுத வேண்டும்.

பிரிக்ஹவுஸில் கிளிஃபின் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அலாரக் கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்ட முடியாமல் போனபோது, கம்பெனிக்காரர்கள் உள்ளே இருந்த ஒயரைக் கழற்றிக்கொண்டு போனார்கள், சுவரில் இருந்த பெட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். திருடனுக்கு அது தெரியவா போகிறது என்று மாமனார் கம்பெனி பெயரை அடித்துவிட்டு, அதன் மேலேயே தம் கையால் வெள்ளை பெயின்ட்டில் 'சக்டன்' என்று எங்கள் குடும்பப் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது மட்டும் குட்டியாக இருக்கும். அவர் கைப்பட எழுதியது என்று எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கிளிஃப் மணியின் கம்பிச் சுருளைச் சரிசெய்யத்தான் அதை உங்களிடம் கொடுத்தார்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் அதைப் பரிசுக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தீர்கள். பிரித்தால், தீயணைப்பு வண்டி போலச் சிவப்பு. கம்பெனியின் பழைய பெயர் தங்க நிறத்தில். எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். காலமெல்லாம் கார்களுக்கு பெயின்ட் அடித்த கை உங்களுடையது, அதில் ஒரு குறை சொல்ல முடியுமா? கிளிஃப் மட்டும் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்க?" என்று கேட்டார்.

"எந்த எழுத்து? ஒரே துருதான் இருந்துச்சு. சுரண்டி எடுத்துட்டேன்" என்றீர்கள்.

"எங்க அப்பாவைச் சுரண்டிட்டியே" என்றார்.

அதோடு நின்றிருக்கலாம். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், இரண்டு முறை கேட்டீர்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் அதைச் சொன்னார். "பழசுன்னா உனக்கு ஆகாது. பொண்டாட்டி ஜோன் செத்த மாசமே வீடு பூரா வெள்ளையடிச்சவன்தானே நீ."

ஜோன் இருந்த அறைகளை அப்படியே பார்த்துக்கொண்டு உங்களால் அங்கே இருக்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போனீர்கள். அடுத்த கோடையில் வீட்டை விற்று, நியூசிலாந்துக்கு ஜில்லியனிடம் போய்விட்டதாக ஊரார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கிளிஃப் அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டவில்லை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் பேச்செடுத்தபோதெல்லாம் "விடு, ஏவிஸ்" என்பார். விட்டுவிட்டேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

போன மாதம் கடைக்குப் போய்விட்டு வந்தேன், கிளிஃபைக் காணவில்லை. அலமாரி திறந்துகிடந்தது. தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கும்போது பிரிக்ஹவுஸிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். மாமனாரின் சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசும் கடை இருக்கிறது, அந்தக் கடைக்காரி. கிளிஃப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறார். தெருவில் சன்னல் துடைக்கிறவரிடம் ஏணியைக் கேட்டு வாங்கி, சுவரில் சாத்தி, ஏறியும் விட்டார். அந்தப் பெண் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, கீழ இறங்குங்க, டீ குடிச்சுட்டு மாட்டலாம்" என்று பேசிப் பேசி இறக்கியிருக்கிறாள்.

நான் போனபோது ஜிகினா ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெட்டி மடியில்.

"ஏவிஸ், நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். இது நெவிலோட அப்பா பெட்டி. அவர் கையால எழுதியிருந்ததை நான் சுரண்டிட்டேன். அவன் வர்றதுக்குள்ள இருந்த இடத்துல மாட்டிடலாம்னு பார்த்தேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அவர் மனசைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். "இது உங்க அப்பா பெட்டி, கிளிஃப், பெயின்ட் அடிச்சது நெவில்தான்" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கோபமாகப் பார்த்தார்.

"நெவிலைப் பத்தி அப்படிப் பேசாத. அவன் அந்த மாதிரி செய்யிற ஆளே கிடையாது" என்றார்.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. டாக்ஸியில் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிலிருந்து அதே பேச்சுதான். எத்தனையோ மறக்கிறார், எங்கள் மகன் பெயரைக்கூட, இது மட்டும் மறப்பதில்லை. அவர் சொன்ன அந்தச் சொல் அவருக்குச் சுத்தமாக நினைவில் இல்லை, நெவில். ஜோன் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், "நல்ல பொண்ணு, சமையல்ல உன்னை விடக் கெட்டிக்காரி" என்றார், அவ்வளவுதான். ஆனால் உங்களை நோகடித்துவிட்டோம் என்பது மட்டும் அவருக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. எதனால் என்று தெரியாமல், கைக்கு அகப்பட்ட காரணத்தைப் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. நெவில் மன்னித்துவிட்டார் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்லாத. அவன் சொல்லட்டும்" என்கிறார்.

பிப்ரவரியில் இந்த வீட்டை விட்டுப் போகிறோம். நர்ஸ் கூடவே இருக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது, எனக்கும் ஒரு அறை தருகிறார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். ஸ்டாக்போர்ட்டிலிருந்து ஒரு மனிதர் வந்து பெட்டிகளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார், அக்கறையுள்ளவராகத்தான் தெரிகிறார். சிவப்புப் பெட்டியைக் கொடுக்கவில்லை. அதை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள்.

நீங்கள் அவ்வளவு தூரம் விமானத்தில் வர வேண்டும் என்று கேட்க மாட்டேன். தொலைபேசியில் கூப்பிட முடியுமா? எந்த நாளானாலும் சரி, இங்கே காலை நேரமாக இருக்கட்டும், உங்களுக்கு இரவு ஆகிவிடும். அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்பார், உங்கள் அப்பாவின் எழுத்தைச் சுரண்டியதற்காக. தயவுசெய்து உண்மையைச் சொல்லித் திருத்தாதீர்கள். உங்கள் அப்பா தபால்காரர் என்பதும், கடையே வைத்ததில்லை என்பதும் நம் இருவருக்கும் தெரிந்தால் போதும். "பரவாயில்ல, கிளிஃப்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் குரலில் கேட்டால் நம்புவார்.

அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு என்று எனக்குத் தெரியும். அதை இனி அவரால் கேட்க முடியாது. அவருக்காக நான் கேட்டுக்கொள்கிறேன், நெவில். ஜோன் விஷயத்தில் அவர் சொன்னது அநியாயம்.

உங்களுக்கும் அவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மறுநாள் அவருக்கு நினைவிருக்காது. ஆனால் நீங்கள் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்பார். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்.

கடவுள் உங்களை நல்ல உடம்போடு வைத்திருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
ஏவிஸ் சக்டன்