ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துப் போட்ட கையெழுத்து

12 ஒக்ரோபர் 2009, திங்கள்

இந்த நேரத்தில் உன்னைத் திறந்ததற்குக் குறை நினைக்காதே, கொப்பியே. மகள் ஜெனி இப்போதுதான் நித்திரையானாள். வெளியே தூறல். என் மனுசன் அன்ரன் பெற்றோல் ஷெட்டில், நைட் ஷிப்ட்.

இன்று: தோய்த்த உடுப்பு காயவில்லை. ஜெனிக்கு மூக்கு ஒழுகல். இந்தக் குளிருக்கு முதல் தடவையாக ஹீற்றர் போட்டது. வீடு முழுக்கக் கருகின தூசி மணம். இந்த ஃபிளாட்டில் காஸ் இல்லை. இரவில் மலிவாக வரும் கரண்டை வாங்கிச் சூடேறி, பகல் முழுக்க அந்தச் சூட்டை விடுகிற பெட்டிகள்தான். போன மார்கழியில் ஜெனி நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அறையைச் சூடாக வைத்திருங்கள் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அதனால் இந்தப் பெட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை.

மத்தியானம் பீலிக்ஸ் அண்ணை வந்தார். ஜெனியைப் பார்த்துக்கொள்கிற ராணி அக்காவின் கணவர். ஜெர்மனியில் பல வருடம் லொறி ஓட்டிவிட்டு இங்கே வந்து வேலையில்லாமல் இருந்தவர். இப்போது கழுத்தில் அட்டை, கையில் கிளிப் போட்ட பலகை. வீடு வீடாகப் போய், மற்றக் கரண்ட் கம்பனிகளில் இருக்கிற ஆட்களைத் தன் கம்பனிக்கு மாற்றுகிற வேலை.

"தங்கச்சி, வயரும் அதே வயர், கரண்டும் அதே கரண்ட். பில்லில இருக்கிற பேர் மட்டும்தான் மாறும்."

தேத்தண்ணி போட்டேன். ஃபிறீஸரில் இருந்த ரோல்ஸைப் பொரித்தேன்.

"ஜெர்மனியில இப்பிடி வாசல் வாசலாப் போனா நாயை அவிட்டு விடுவாங்கள். இஞ்ச பாரும், ரோல்ஸ் வருது!"

மீற்றர் எங்கே என்று ஒரு தரம் கேட்டார். அது அலுமாரிக்குள், சப்பாத்து, அரிசி மூட்டை, பிள்ளை தள்ளுகிற பிராம் எல்லாவற்றுக்கும் பின்னால். அந்தக் கோலத்தை அவர் பார்க்கிறதா? "அதை விடுங்கோ அண்ணை, பழைய பில் இருக்கு" என்று இலக்கத்தைப் பில்லிலிருந்து வாசித்தேன். படிவத்தில் இடத்தைக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். ரோல்ஸ் நல்லாயிருந்ததாம்.

14 புதன்

மழை இல்லை. பஸ் பிந்தியது. என் பள்ளிக்கூட வேலை நாட்களான புதனும் வெள்ளியும் ஜெனி ராணி அக்காவிடம். ஒரு சதம் வாங்கமாட்டா. கொடுக்கப் போனால், "என்ன, நான் காசுக்குப் பிள்ளை பாக்கிற கவுன்சில் ஆளோ?" இந்த ஊரில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நான் போகக்கூடிய ஒரே வீடு.

பின்னேரம் கூட்டிவரப் போனபோது அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "இவருக்கு முதல் கையெழுத்து உன்ர கையால. ராசியான கையடி. ஒரு மாசம் பாத்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவினமாம்."

மனசுக்கு இதமாக இருந்தது. ஜெனி சோறு முழுக்கச் சாப்பிட்டாளாம். வீட்டில் ஏன் சாப்பிடுகிறாள் இல்லை?

15 வியாழன்

வெயில் மாதிரி ஒன்று. ஜெனி இரண்டு தரம் இருமினாள். அல்லது மூன்று.

படிவத்தின் பிரதியை இன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். பட்டம் எடுத்தவள், கையெழுத்துப் போட்ட பிறகு வாசிக்கிறேன். மாறுகிற அன்று மீற்றர் அளவைக் குறித்து அனுப்பவேண்டும் என்று இருந்தது. சரி, மீற்றரைப் பார்த்து வைப்போம் என்று அலுமாரியைக் காலியாக்கினேன். ஜெனியின் தொலைந்த சப்பாத்து ஒன்று கிடைத்தது.

மீற்றரில் இரண்டு வரிசை இலக்கம். ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. படிவத்தில் ஒரே விலை.

உடனே புதுக் கம்பனிக்குப் போன். நீண்ட நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண், பொறுமையான குரல். ஓம், நீங்கள் ஒப்பமிட்டது ஒற்றை விலைக்கு. இரவுக் கரண்டுக்கும் பகல் விலைதான். அப்படியென்றால் எங்கள் ஹீற்றர் இரவு முழுக்க இழுப்பது எல்லாம் பகல் விலையில். குளிர்காலத்துக்குத் தாங்காது. நிற்பாட்டித்தான் வைக்க வேண்டும். ஜெனியின் அறையில்.

அவள் சொன்னது: மனம் மாறுவதற்குக் கொடுத்த நாட்கள் இன்னும் முடியவில்லை. எழுத்தில் அறிவித்தால் போதும், பழைய கம்பனியிலேயே இருக்கலாம். நான் கேட்டது: கையெழுத்து வாங்கியவருக்கு இது தெரியவருமா?

"தெரியும். அவர் மாற்றிய வீடுகளின் எண்ணிக்கையில் இருந்து எடுத்துவிடுவார்கள்."

அன்ரன் வேலைக்கு வெளிக்கிடும்போது சொன்னேன்.

"அப்ப நாளைக்கே கன்சல் பண்ணும்."

"ராணி அக்கான்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"ஜெனியின்ர நெஞ்சைப் பாரும். மற்ற முகத்தைப் பிறகு பாக்கலாம்."

"நீங்கள் லேசாச் சொல்லுவியள். பிள்ளையை அங்க விடுறது நான்."

"வெள்ளைக்காரன் வந்திருந்தா என்ன செய்திருப்பீர்?"

வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். மழையில் நனைய விட்டுப் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்தேன்.

16 வெள்ளி

அக்காவிடம் சொல்லத்தான் போனேன். வாசலில் நின்றபடியே ஜெனியை வாங்கி, கால் குளிர்ந்திருக்கு என்று தன் சால்வையால் சுற்றினா. சொல்லவில்லை. பின்னேரமும் சொல்லவில்லை.

வாங்க: பால், ஜெனிக்கு நப்பி, வெந்தயம்.

18 ஞாயிறு

சேர்ச்சில் தமிழ்ப் பூசை. ஊரில் சண்டை முடிந்து முகாம்களில் அடைபட்டிருக்கிற சனத்துக்காக மன்றாட்டு. அன்ரனின் தங்கச்சியும் ஒரு முகாமில்தான். கோயிலில் குளிர், ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை.

வெளியே மதிலோரம் பீலிக்ஸ் அண்ணை துண்டுப் பிரசுரத்தோடு. சுற்றிவர ஆட்கள், பகிடி.

"நான் சொல்லி நீங்கள் கேக்க வேண்டாம். அன்ரன்ர மிஸிஸே மாறிட்டா. படிச்ச பிள்ளை, சும்மா கையெழுத்து வைக்குமோ?"

பிலோமினா அன்ரி என் கையைப் பிடித்தா. எங்களுக்கு மேல் மாடி, தனி ஆள், மூட்டு வருத்தம். அவவுக்கும் எங்களுடைய மாதிரியே ஹீற்றர்.

"நீர் போட்டிட்டீராம். அப்ப நானும் கண்ணை மூடிக்கொண்டு போடுறன். புதன்கிழமை பின்னேரம் வாறாராம்."

அண்ணை என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் என்ன சொன்னேன்? "மழை வரப்போகுது அன்ரி." ஜெனியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மழை வரவில்லை.

இதுவரை என் வீட்டுப் பிரச்சினை. இப்போது என் பெயரை வைத்து இன்னொரு வீட்டையும் குளிர வைக்கப் போகிறது.

19 திங்கள்

கன்சல் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. பிரதி, தபாற்கந்தோர் துண்டு, இரண்டும் அரிசிப் பேணிக்குள். பழைய கம்பனிக்கும் போன் பண்ணி, நான் மாறிப் போகவில்லை என்று சொன்னேன். "நீங்கள் இன்னும் எங்கள் வாடிக்கையாளர்தான்" என்றார்கள். பெரிய நிம்மதி.

இனி எனக்கு: கதவுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் மீற்றர், பிறகு தேத்தண்ணி. ஒரு வருடத்துப் பில்லையும் பக்கத்தில் வைக்காமல் விலை கதைக்கக் கூடாது. அன்றைக்கே கையெழுத்து இல்லை.

பிறகு மேலே ஏறினேன். "அன்ரி, கொஞ்சம் பொறுங்கோ. உங்கட மீற்றரைப் பாப்பம்." அங்கேயும் இரண்டு வரிசை. விளங்கப்படுத்தினேன்.

"அப்ப நேற்று ஏன் பிள்ளை வாயைத் திறக்கேல்ல?"

"ஆக்கள் நிண்டவை அன்ரி."

"ஆக்கள் என்ர பில்லைக் கட்டுவினமோ?"

பிறகு, போகும்போது ஒரு தோடம்பழம் தந்தா, ஜெனிக்கு.

20 செவ்வாய்

காற்று. ஜெனியின் அறை சூடு. இருமல் இல்லை. நாளைக்குப் புதன், எனக்கு வேலை நாள். கம்பனி சொல்லி அக்கா அறியக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும். போனில் எடுத்தால் அழுதுவிடுவேன். மெசேஜ்தான். அனுப்பினதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

ராணி அக்கா, பீலிக்ஸ் அண்ணையிட்டப் போட்ட கையெழுத்தை நான் கன்சல் பண்ணிட்டன். எங்கட மீற்றர் ரெண்டு விலை மீற்றர், அண்ணை எழுதினது ஒரு விலை. அதோட போனா ஜெனியின்ர அறை ஹீற்றரை நிப்பாட்டோணும். அண்ணையில பிழை இல்லை. மீற்றரை அவர் கேட்டவர், நான்தான் காட்டேல்ல. பிலோமினா அன்ரிக்கும் ரெண்டு விலைதான், நான் சொல்லிட்டன், அண்ணை அங்க போகமுதல் நீங்கள் அவருக்குச் சொல்லுங்கோ. இனிப் போற வீடுகளில அலுமாரி எப்பிடிக் கிடந்தாலும் மீற்றரைப் பாத்துப்போட்டு எழுதச் சொல்லுங்கோ, அவற்ர வேலைக்கு அதுதான் நல்லது. என்னோட கோவமெண்டா ஏசுங்கோ, கேக்கிறன். நாளைக்குக் காலமை ஜெனியைக் கொண்டு வரலாமோ, வேண்டாமோ? கெதியாப் பதில் போடுங்கோ அக்கா.