பிரிக்காத உறை

மார்ச் 6

அன்புள்ள கண்டக்டர் தம்பிக்கு,

நலம். அங்கே நீ, மகன், மருமகள், பேத்தி எல்லாரும் நலமா? வழக்கம்போல ரத்தப் பரிசோதனை உறையை ஒட்டியபடியே அனுப்பியிருக்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்த பி.எஸ்.ஏ. எண்தான் எனக்குத் தீர்ப்பு. டாக்டரைப் பார்க்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதுவரை இந்த உறையோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் ஆகாது. நீ பிரித்துப் பார்த்து எழுது. போன் வேண்டாம், நீ 'அண்ணே' என்று இழுக்கும் இழுப்பிலேயே தெரிந்துவிடும்.

"பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன், உங்க ரிசல்ட் ஊர் தாண்டிப் போகுதா?" என்று உன் அண்ணி கேட்கிறாள். இருபத்திரண்டு வருடம் அவன் விசிலை நம்பித்தான் வண்டியை எடுத்தேன், திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்வீட்டுத் தையல்காரருக்கும் இதே வியாதி. ஆபரேஷன் செய்துகொண்டார், எண் ஏறக்குறைய சைபராம். பார்க்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறார். எனக்குப் போன தடவை 0.9. அந்தச் சைபர் எனக்கு எப்போது வருமோ.

உன்,
டிரைவர்

மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

உறை கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். 0.7. இறங்கியிருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். தாள் என்னிடமே இருக்கட்டும், டாக்டரின் கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருக்குமே. தையல்காரரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் நடங்கள். இங்கே எல்லாரும் நலம். பேத்தி என் பழைய டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்தவர்களை எல்லாம் உள்ளே நகரச் சொல்கிறாள்.

உங்கள்,
கண்டக்டர்

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இத்தனை மாதத்தில் முதல்முறையாக மத்தியானம் படுத்துத் தூங்கினேன். அதுதான் இறங்கிவிட்டதே, இனி டாக்டர் எதற்கு? 24ஆம் தேதி போகப்போவதில்லை. 22ஆம் தேதியே மகள் வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஆறு மாதமாவது இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
டிரைவர்

மார்ச் 18, விரைவுத் தபாலில்

அண்ணே,

பயணத்தை நிறுத்துங்கள். டாக்டரிடம் போங்கள். நான் எழுதியது பொய். எண் 1.7. தாளை இதில் வைத்திருக்கிறேன்.

உண்மையை எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதிக் கிழித்தேன். டாக்டரைப் பார்க்கும்வரையாவது அண்ணன் நிம்மதியாக இருக்கட்டும், அப்புறம் அவர் பக்குவமாகச் சொல்வார் என்று நினைத்தேன். நீங்கள் டாக்டரையே வேண்டாம் என்பீர்கள் என்று நினைக்கவில்லை. படியில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது விசில் கொடுத்த பாவி நான். என்னைத் திட்டுங்கள், ஆனால் முதலில் போய் டாக்டரைப் பாருங்கள்.

கண்டக்டர்

மார்ச் 25

தம்பிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். அந்தத் தாளைக் கண்டதிலிருந்து ஐந்து நாள் நான் நானாக இல்லை. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "ரேடியேஷன் முடிஞ்சவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல இது கொஞ்சம் ஏறிட்டு, தானா இறங்குறது உண்டு. ஒரு தடவை ஏறினத வச்சு முடிவு பண்ண முடியாது. நீங்க இறங்கின அடிமட்டம் 0.9. அதுக்கு மேல ரெண்டு ஏறி, 2.9 தொட்டாத்தான் நோய் திரும்புதான்னு தேடுவோம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். வராம மட்டும் இருந்துடாதீங்க."

தையல்காரர் கதையையும் கேட்டேன். "அவருக்குச் சுரப்பியையே எடுத்தாச்சு, சைபர் கிட்ட வந்தாகணும். உங்களுது உள்ளயே இருக்கே, கொஞ்சம் சுரக்கத்தான் செய்யும்" என்றார். பாதி உயிர் திரும்பி வந்தது.

எண் ஏறியதில் எனக்கு உன்மேல் வருத்தமில்லை. பாசத்தில்தான் மறைத்தாய், அதுவும் தெரியும். ஆனால் இனி 'நலமா' என்று நான் கேட்டு, 'நலம்' என்று நீ எழுதினால் எதை நம்புவது? கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

டிரைவர்

ஜூன் 20

தம்பிக்கு,

புது உறை வந்து நாலு நாள் ஆகிறது. "நான் பிரிக்கிறேன், குடுங்க" என்றாள் உன் அண்ணி. கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள், வந்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். "உங்க தம்பிக்கே அனுப்புங்க. இந்தத் தடவை பொய் சொன்னா நானே நேர்ல போய்க் கேக்குறேன்" என்றாள்.

அனுப்பியிருக்கிறேன். எது வந்தாலும் 30ஆம் தேதி டாக்டரிடம் போகிறேன். இருப்பதை அப்படியே எழுது. மூன்று மாதமாக என்னை 'அண்ணே' என்று கூப்பிட ஆளில்லை.

உன்,
டிரைவர்

ஜூன் 24

அண்ணே,

0.6.

தாளை உள்ளே வைத்திருக்கிறேன், முதலில் அதைப் பாருங்கள். மகனைப் படிக்கச் சொன்னேன், மருமகளைப் படிக்கச் சொன்னேன், தெருமுனை மருந்துக்கடைக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாரும் 0.6 என்றுதான் சொன்னார்கள். கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். அவர் பாவம், ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். அண்ணியிடம் சொல்லுங்கள், இங்கே வந்தால் விருந்தாளியாகத்தான் வர வேண்டும்.

நலம் என்று எழுதக் கை போனது. நிறுத்திவிட்டேன். நான் நலமில்லை, அண்ணே. இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கிறது, மாடி ஏற முடியவில்லை. மார்ச்சிலிருந்து வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். இன்று மத்தியானத்திலிருந்துதான் பரவாயில்லை.

உங்கள்,
கண்டக்டர்