கார் இல்லாத கம்பம்

கிரான்லீடன்,
பிப்ரவரி, பனி கொட்டும் வியாழக்கிழமை

அன்பு மகள் தூவாவுக்கு,

உன் அப்பா ஸ்டூரே எழுதுவது. முதுகைத் தவிர மற்றபடி நலம். இந்தக் கடிதத்தைப் பல தடவை தொடங்கி, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாயிற்று. சமையலறை நன்றாகச் சூடாகிவிட்டது. எழுதுவதால் இப்படியும் ஒரு பயன் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

உன் மூன்றாவது ஆல்பம், கடைக்கு வருமுன்பே, என்னிடம் வந்து சேர்ந்தது. கூடவே உன் துண்டுச் சீட்டும்: "அப்பா, ஏழாவது பாட்டு உன்னப் பத்தினது. வேணாம்னு சொன்னா எடுத்துடறேன். நெசமாத்தான்."

சிடி போடும் வசதி இப்போது என் பழைய காரில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே மகள் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் அப்பன் ஊரைச் சுற்ற வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து மரம் அறுக்கும் ஆலைவரை போவதும் திரும்புவதுமாக இருக்கிறேன். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் கார்ச் சாவியைக் கை தேடுகிறது. கடைக்கார யூனி, "என்ன ஸ்டூரே, டாக்ஸி ஓட்ட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டாள். பால் வாங்க வந்தேன் என்றேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அதையே சொன்னதால் வீடு முழுக்கப் பால் பெட்டியாக இருக்கிறது.

உன் முதல் ஆல்பம் ஆங்கிலம். ஒரு வார்த்தையும் புரியவில்லை, அதனால் கூச்சமில்லாமல் பெருமைப்பட முடிந்தது. மான் வேட்டைக் குழுவில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டாவதில் பாதி வெறும் பியானோ. அதுவும் நல்லதுதான், பியானோ யாரைப் பற்றியும் எதையும் உளறிவிடாது. இதுவோ நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. நான் எங்கே போய் ஒளிவது?

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ ஜன்னலருகில் நின்றதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அன்று அந்தக் கம்பத்துப் பக்கம் போயிருக்க மாட்டேன். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க ராத்திரி காரின் சூடேற்றி வயரைச் செருகி வைக்கும் மின்கம்பம் நம் வாசலில் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது உன் அம்மாவுடையது. பிரிட்டா தன் காரை ஓட்டிக்கொண்டு ஊமியோ நகரத்துக்கு, அந்தப் பல் டாக்டரோடு வாழப் போய் நாலு குளிர்காலம் ஆகிறது. நீ பாடியிருப்பது சரிதான். சாயங்காலமானால், விடியுமுன் மின்சாரம் வரும்படி நான் அந்தக் கம்பத்துக் கடிகாரத்தையும் இன்னும் திருகி வைக்கிறேன். மின்சாரம் வருகிறது, சூடாக்கத்தான் ஒன்றும் இல்லை.

இந்த ஊரில் அடுத்தவர் துக்கத்தை யாரும் வாயால் தொடுவதில்லை. அதனால்தான் இங்கே குடியிருக்க முடிகிறது. இந்தப் பாட்டு ரேடியோவில் வந்தபின் நான் எந்த முகத்தோடு பால் வாங்கப் போவேன்? 'வேண்டாம், எடுத்துவிடு' என்று எழுதினேன். அடுப்பில் முதலில் எரிந்தது அந்தக் கடிதம்தான்.

நேற்று எவெர்ட்டைக் காரில் ஏற்றிக்கொண்டேன். நம் ரோட்டில் பனி தள்ளும் அவன் வண்டி பட்டறையில் இருக்கிறது. பேச்சு சுவாரஸ்யத்தில் சிடியை நிறுத்த மறந்துபோனேன், ஏழாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினால் சந்தேகம் வரும், நிறுத்தாவிட்டால் மானம் போகும். ரோட்டை முறைத்தபடி ஓட்டினேன். பாட்டு முடிந்தது, ஆற்றுப் பாலத்தையும் தாண்டினோம். அப்புறம் அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"ஏன்டா, உன் வாசல்ல அந்தக் காலி எடத்துல மட்டும் பனி சேரவே மாட்டேங்குதே, ஏன்னு நெனச்சே? காத்து அடிச்சிட்டுப் போகுதுன்னா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், தூவா. இந்த மூளைக்கு எப்படி உன்னைப்போல ஒரு பெண் பிறந்தாளோ.

"நான்தான்டா தள்ளிட்டிருக்கேன். நீ கம்பத்தத் திருகுறே, நான் எடத்தச் சுத்தம் பண்றேன். யூனிக்குந் தெரியும், எல்லாருக்குந் தெரியும். பேசாம ஓட்டு."

ஓட்டினேன். பிறகு, பொண்ணு நல்லாப் பாடுறாளா என்று கேட்டேன். அவன் நம் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தான். 'ஆமாம்' என்பதை வெளியே விட்டால் அதிகப்படியாகிவிடும் என்று பயப்படுகிற ஜனங்கள் நாம்.

ஆகவே பாட்டு இருக்கட்டும். ஒரே ஒரு இடம் மட்டும். 'அவர் காத்திருக்கிறார்' என்று பாடியிருக்கிறாய். நான் காத்திருக்கவில்லை. அது வெறும் பழக்கம். அதை மட்டும் மாற்றிவிடு.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் உன் பழைய பியானோ முன்னால் உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் அந்த மெட்டைத் தேடிப் பிடித்து, 'பழக்கம்' என்று பாடிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. நீ இழுத்து நிற்கிற இடத்தில் அந்தச் சொல் தடுக்கி விழுகிறது. திரும்பத் திரும்பப் பாடினேன், என் குரலுக்கு நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

சரி, விடு. நீ எழுதியபடியே இருக்கட்டும்.

ஸ்டாக்ஹோமில் வேளைக்குச் சாப்பிடு. மான்கறியில் உன் பங்கு உறைபெட்டியில் அப்படியே இருக்கிறது. ஆல்பம் வெளியானதும் காரை எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்துவிட்டுப் போ. அந்தக் காலி இடத்திலேயே நிறுத்து. பனி இருக்காது, எவெர்ட் பார்த்துக்கொள்வான். கம்பத்துக் கடிகாரத்தை நான் திருகி வைக்கிறேன். எத்தனை குளிரானாலும் காலையில் உன் கார் உடனே கிளம்பும். நீ எந்த நேரம் கிளம்பினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் விரல்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

அப்பா,
ஸ்டூரே