பலூன் கட்டிய அப்பிள் போத்தல்

பெப்ரவரி 9, சனி
காலையில் பனி. வெயில் எட்டிப்பார்க்கப் பத்து மணி. மன்னார்க் கடையில் அடிபட்ட அப்பிள், மலிவு, ஒரு பை. துருவி வெள்ளைத் துணியில் பிழிந்தேன். இரண்டு போத்தல் சாறு. அதற்குள் பழுப்பு நிறம், ஏனோ. பிரான்சிலிருக்கும் தம்பி போனில் சொன்ன வேலை: புளிக்க விட்டால் நுரைக்கிற பானம், சைடர். ஈஸ்ட் வேண்டுமாம். வீட்டில் இல்லை.

இவரிடம், என் மனிசனிடம், கேட்டேன். போன தவக்காலத்தில் கோவிலில் நேர்ந்து குடியை விட்டவர், ஒரு வருடம் ஆகப்போகிறது. "நீ செய்யன். நான் தொடமாட்டன்" என்றார்.

பெப்ரவரி 10, ஞாயிறு
பூசையில் இருக்கும்போதே யோசனை (பாவம்தான்). அப்பமாவைப் புளிக்க வைப்பது கள்ளுத்தானே? பனை ஏறும் சீவல்காரரிடம் அரைப் போத்தல் பனங்கள்ளு. சாற்றுக்கு இரண்டிரண்டு கரண்டி. இறுக்கி மூடினால் வெடிக்குமாம். முன்பள்ளி விழாவில் மிஞ்சிய பலூன்களைப் போத்தல் வாயில் மாட்டினேன். சிவப்பு, மஞ்சள். மிச்சக் கள்ளு குசினி அலுமாரியில்.

பக்கத்து வீட்டு எமில்டா வேலியால் எட்டி: "கள்ளு வந்ததாம். அண்ணை திரும்பத் தொடங்கிட்டாரோ?"
"அப்பிளுக்கு."
நம்பவில்லை. எரிச்சல்.

பெப்ரவரி 11, திங்கள்
சிவப்பு நிமிர்ந்துவிட்டது. மஞ்சள் சோம்பேறி. ஒரே சாறு, ஒரே கள்ளு, பிறகென்ன வித்தியாசம்? காதை வைத்தால் சோடாச் சத்தம். முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லும்போதும் அதே நினைவு. இவரும் கடலிலிருந்து வந்து பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். சிரித்தார்.

பெப்ரவரி 12, செவ்வாய்
உப்பு முடிந்தது. மஞ்சளும் எழும்பிவிட்டது, சந்தோசம்.

அப்பம் சுட நினைத்து அலுமாரியைத் திறந்தேன். கள்ளுப் போத்தல் வெறுமை. கழுவிக் கவிழ்த்திருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவர் கடலுக்குப் போய் வந்த மத்தியான நித்திரையில். கேட்கத் துணிவில்லை. குனிந்து இவர் வாயை மணந்து பார்த்தேன்.

பீடி மணம். வேறொன்றுமில்லை.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கிணத்தடியில ஊத்திப்போட்டன். அலுமாரியத் திறக்கிற நேரமெல்லாம் மணந்தது. ஏலாமப் போச்சு."

வெட்கமாக இருந்தது. "அப்பிளும் மணக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம். நேற்றிலயிருந்து."

நேற்றுத்தான் பக்கத்தில் குந்தியிருந்து சிரித்தார்.

இரண்டு போத்தலையும் ஊற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். என்ன ருசி என்று பார்க்கவில்லை.