உம்மா நேர்ந்துகொண்ட குதிரை

உம்மாவுக்கு ஃபயாஸோட சலாம். முட்டிவலி எப்படிங்க இருக்கு? எனக்குக் கொஞ்சம் அசதி, வேற ஒண்ணுமில்லை. போன்ல பேசுனா குரல்லயே கண்டுபிடிச்சிடுவீங்க. அதான் ஊருக்கு வர்ற இக்பால்கிட்ட இதைக் கொடுத்துவிடுறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய ரேஸ். மூவாயிரத்து இருநூறு மீட்டர். எது ஜெயிக்கும்னு லாயத்துல எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்க. பக்கத்து லாயத்துச் செவலை பாதி தூரம் பறக்கும், அப்புறம் மூச்சு வாங்கிடும். பிரான்ஸ்லேருந்து வந்த வெள்ளைக்குத் தெம்பு இருக்கு, ஆனா இந்த வெயில்ல தீவனத்தையே தொடமாட்டேங்குது. நான் பாத்துக்குற கறுப்பனுக்கு அவசரமே கிடையாது. மத்ததெல்லாம் ஓஞ்சு போறப்பதான் அவன் ஓடவே ஆரம்பிப்பான். நேத்து பழக்க ஓட்டம் முடிஞ்சு வந்தும் மூச்சு வாங்கல. கழுவிவிடுறப்ப என் காலை ஒரு மிதி மிதிச்சான். நகம்தான் போச்சு, கவலைப்படாதீங்க.

அவன் ஜெயிச்சா இங்கிலாந்து ரேசுக்குக் கொண்டுபோவாங்களாம். என் கையிலதான் தீவனம் தின்னுவான், அதனால நானும் போகணும். தோத்தா உடனே லீவுன்னு மேனேஜர் சொல்றார். ஜெயிச்சா, நான் வர்றதுக்குள்ள தங்கச்சி நௌஷின் நிக்காஹ் முடிஞ்சிருக்கும்.

இக்பால் திரும்புறப்ப ரெண்டு கைலியும் கிளிஞ்சல்மேட்டு நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிடுங்க. கருவாட்டை வீட்டுத் துணியிலயே கட்டுங்க, கவர் வேணாம்.

கறுப்பன் ஜெயிக்கணும்னு தர்காவுல நேர்ந்துக்கிட்டதா சொன்னீங்களே, உம்மா. அவன் நல்லாயிருக்கணும்னு மட்டும் மாத்திக் கேட்டுக்குங்க.

தண்ணி காட்டுற நேரமாச்சு, கூப்பிடுறாங்க.

ஃபயாஸ்